24 பெட்டி மாம்பழமும் ஒன்றரை லட்சம் இம்ப்ரஷனும்

கேள்வி: போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர்ப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. இந்தப் பருவத்தில் கூழ் ஆலைக்கும் மண்டிக்கும் போட்டதுபோக, செந்தூராவையும் அல்போன்சாவையும் 5 கிலோ பெட்டிகளாகக் கட்டி பெங்களூருக்கு நேரடியாக விற்றுப் பார்த்தோம். பழம், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக ஒரு பெட்டிக்கு 250 ரூபாய் நிற்கும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட, அந்த வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்தோம். அவர் கொடுத்த அறிக்கையில் 'இம்ப்ரஷன் 1,50,000, ரீச் 48,000, கிளிக் 1,800, சிடிஆர் 1.2 சதவீதம்' என்று இருக்கிறது. விற்றது 24 பெட்டி, ஆளுக்கு ஒன்று. "ஒன்றரை லட்சம் பேர் பார்த்து 24 பேர்தான் வாங்கினார்களா?" என்று அப்பா கேட்கிறார். அடுத்த பருவத்துக்கு கூகுள் விளம்பரம், வெப்சைட், எஸ்இஓ என்று ஒரு மதிப்பீடும் வந்திருக்கிறது. இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன பொருள்? நாங்கள் ஏமாந்துவிட்டோமா?

பதில்:

அந்த அறிக்கையை வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் உங்களுக்கு மிகவும் தேவையான எண்ணை அவர் எழுதவில்லை: ஓர் ஆர்டருக்கு எவ்வளவு செலவானது? 12,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் 500. பெட்டிக்கு 250 ரூபாய் நிற்கும் பழத்தை விற்க, பெட்டிக்கு 500 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் சொல்லி இதை மட்டும் விட்டுவிடும் அறிக்கைகள் எல்லா ஊரிலும் புழங்குகின்றன. சிறு விவசாயிகளும் கடைக்காரர்களும் இதில் பணம் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் அது உங்கள் கல்லாவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் அப்பாவின் கேள்வி. ஒன்றரை லட்சம் பேர் பார்க்கவில்லை. இம்ப்ரஷன் என்பது விளம்பரம் திரையில் வந்த தடவைகளின் எண்ணிக்கை. ஒருவருடைய கைப்பேசியில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை வந்தால் மூன்று இம்ப்ரஷன். அவர் அதைக் கவனித்தாரா, கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனாரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. விளம்பரத் துறையில் 'வியூவபிள்' என்று தனியாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். படமாக இருந்தால் அதன் பாதிப் பரப்பாவது ஒரு விநாடி திரையில் இருக்க வேண்டும், காணொலியாக இருந்தால் இரண்டு விநாடி. அந்த அளவுகோலே இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றால், வெறும் இம்ப்ரஷனை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரீச் என்பது எத்தனை கணக்குகளுக்கு அந்த விளம்பரம் ஒருமுறையாவது போய்ச் சேர்ந்தது என்பதன் மதிப்பீடு. உங்களுக்கு 48,000. ஒன்றரை லட்சத்தை 48,000 ஆல் வகுத்தால் 3.1 வருகிறது. இதற்கு ஃப்ரீக்வன்சி என்று பெயர். சராசரியாக ஒருவருக்கு மூன்று முறை காட்டப்பட்டிருக்கிறது. மாம்பழத்துக்கு மூன்று முறை என்பது மோசமில்லை. அது எட்டு, பத்து என்று ஏறினால் வாங்காதவர்களையே திரும்பத் திரும்பத் துரத்துகிறது என்று பொருள். அப்போது படத்தை மாற்ற வேண்டும், அல்லது ஆட்களை மாற்ற வேண்டும்.

சிபிஎம் என்பது ஆயிரம் இம்ப்ரஷனுக்கு ஆகும் செலவு. உங்கள் கணக்கில் 80 ரூபாய். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் காசு எடுக்கின்றன. அதாவது ஒருவரும் கிளிக் செய்யாவிட்டாலும் பணம் போகும். சிபிசி, அதாவது ஒரு கிளிக்கின் விலை, இதிலிருந்து வகுத்துப் பெறுவது: 12,000 ரூபாய்க்கு 1,800 கிளிக் என்றால் ஏறத்தாழ 6 ரூபாய் 67 காசு. சிடிஆர் என்பது நூறு இம்ப்ரஷனுக்கு எத்தனை கிளிக் என்ற விகிதம். அவர் எழுதியிருக்கும் 1.2 சதவீதம் சரியான கணக்குதான்.

இனி நீங்கள் அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த 1,800 எந்தக் கிளிக்? ஃபேஸ்புக்கின் விளம்பரக் கணக்கில் 'எல்லாக் கிளிக்குகளும்' என்று ஓர் எண் இருக்கிறது. லைக் போட்டது, கருத்து எழுத அழுத்தியது, படத்தைப் பெரிதாக்கியது, 'மேலும் பார்க்க' என்பதைத் தொட்டது, உங்கள் பக்கத்தின் பெயரைத் தொட்டது எல்லாம் அதில் சேரும். 'இணைப்புக் கிளிக்' என்பது வேறு எண். உங்கள் ஆர்டர் பக்கத்துக்குப் போகும் இணைப்பைத் தொட்டவர்கள் மட்டும் அதில் வருவார்கள். அதற்கும் அடுத்து 'லேண்டிங் பேஜ் வியூ' என்று ஒன்று இருக்கிறது. இணைப்பைத் தொட்டு, பக்கம் முழுதாகத் திறக்கும்வரை காத்திருந்தவர்கள் இவர்கள். மூன்று எண்களும் ஒன்றைவிட ஒன்று சிறியதாகவே வரும். அறிக்கையில் பெரிய எண்ணை எழுத எல்லாருக்கும் ஆசை இருக்கும். மூன்றாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாம்பழம் வாங்கலாமா என்று யோசித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கன்வர்ஷன் என்பது வந்தவர் நாம் விரும்பியதைச் செய்து முடிப்பது. உங்களுக்கு அது ஆர்டர். 1,800 கிளிக்கில் 24 ஆர்டர் என்றால் 1.33 சதவீதம். இப்போது இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பெட்டிக்கு நிற்பது 250 ரூபாய். நட்டம் இல்லாமல் விற்க வேண்டுமானால், இந்த விகிதத்தில் ஒரு கிளிக்குக்கு நீங்கள் 3 ரூபாய் 33 காசுக்கு மேல் கொடுக்க முடியாது. கொடுத்தது அதைப்போல் இரு மடங்கு. ஆகவே வழி இரண்டே: கிளிக் விலையைப் பாதியாக்குவது, அல்லது வந்தவர்களில் வாங்குபவர்களை இரட்டிப்பாக்குவது. முன்னது உங்கள் கையில் அதிகம் இல்லை. பின்னது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. விளம்பரக்காரர் சொல்லும் எந்தச் சொல்லைவிடவும் இந்த ஒரு கணக்கு உங்களுக்கு உதவும். தோப்புக் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதையும் எழுதி வையுங்கள்.

வாங்குபவர்களை எப்படி இரட்டிப்பாக்குவது? லேண்டிங் பேஜ் என்பது விளம்பரத்தைத் தொட்டவர் வந்து இறங்கும் பக்கம். பெங்களூரில் இருக்கும் ஒருவர் உங்களை அறியாதவர். முன்பணம் கட்டினால் பெட்டி வருமா என்ற தயக்கம் அவருக்கு இருக்கும். பக்கத்தைத் திறந்ததும் என்ன ரகம், எத்தனை கிலோ, கூரியரோடு சேர்த்து என்ன விலை, எந்தப் பகுதிகளுக்கு அனுப்புகிறீர்கள், பறித்த எத்தனையாவது நாள் கையில் கிடைக்கும், பழம் நசுங்கி வந்தால் என்ன செய்வீர்கள் என்பவை தெரிய வேண்டும். வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்ட படங்கள் வேண்டாம். உங்கள் தோப்பில், உங்கள் வீட்டார் பெட்டி கட்டும் படம் போதும். கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நகரத்தில் வாங்குபவர்களுக்கு அந்த அச்சம் போகவில்லை. எப்படிப் பழுக்கவைக்கிறீர்கள் என்பதை உண்மையாக, இரண்டு வரியில் எழுதுங்கள். வாட்ஸ்அப் எண்ணைப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள். நான் பார்த்தவரையில் நம் பக்கத்து வியாபாரிகளின் பக்கங்களில் விலை இருக்காது. 'விலைக்கு அழைக்கவும்' என்று இருக்கும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 24 என்ற எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். படிவத்தில் வந்த ஆர்டர்கள் மட்டுமா, தொலைபேசியில் வந்ததும் சேர்ந்ததா? விளம்பரத்தில் பெயரைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நேரே உங்கள் எண்ணுக்கு அழைத்தவர்கள் இருக்கலாம். எந்த விற்பனை எந்த விளம்பரத்தால் வந்தது என்று பிரித்தறிவதை அட்ரிப்யூஷன் என்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. உங்களுக்கு, அழைப்பவரிடம் "எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வதே போதும்.

குக்கி, பிக்சல் என்ற சொற்களும் மதிப்பீட்டில் இருக்கக்கூடும். குக்கி என்பது ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு. அடுத்த முறை வரும்போது அடையாளம் காண உதவும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. பிக்சல் என்பது உங்கள் ஆர்டர் பக்கத்தில் வைக்கும் சிறிய கணினி நிரல். இன்னார் வந்தார், இன்னார் ஆர்டர் போட்டார் என்ற செய்தியை ஃபேஸ்புக்குக்கு அனுப்பும். அது இல்லாவிட்டால் யார் வாங்கினார்கள் என்பதே ஃபேஸ்புக்குக்குத் தெரியாது. கிளிக் செய்பவர்களாகப் பார்த்துக் காட்டிக்கொண்டே இருக்கும், வாங்குபவர்களைத் தேடாது. வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவருக்கு மறுபடி விளம்பரம் காட்டுவதை ரீமார்க்கெட்டிங் என்பார்கள்; அதற்கும் இவையே அடிப்படை. ஒரு தளத்தில் பார்த்ததை வைத்து வேறு தளத்தில் பின்தொடரும் குக்கிகளை சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்கள் தடுத்துவிடுகின்றன. ஆகவே இந்தப் பின்தொடர்தல் ஒருபோதும் முழுமையாக இருக்காது.

இன்னொன்று. ஃபேஸ்புக்கின் முறை ஆட்களைத் தேடக் கற்றுக்கொள்ள, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 50 விளைவுகள், அதாவது நாம் இலக்காக வைத்த செயல் நடந்த தடவைகள், தேவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பருவம் முழுக்க 24 ஆர்டர் வரும் உங்களைப் போன்றவர்கள் ஆர்டரை இலக்காக வைத்தால் அது கற்றுக்கொள்ளவே வழியில்லை. அதனால் வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குவதை இலக்காக வைக்கும் விளம்பரம் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. பேசுபவர்கள் வாங்குபவர்களைவிட எப்போதும் அதிகம். பேசி விற்பதும் உங்களுக்குக் கைவந்த வேலை. ஒரு பதிவையே காசு கட்டி விளம்பரமாக்க அதன் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் அது பெரும்பாலும் லைக்கும் கருத்தும்தான் கொண்டுவரும்.

இனி கூகுள். ஃபேஸ்புக்கில் ஒருவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே போகிறோம். கூகுள் தேடலில் அவரே தேவையோடு வந்து 'அல்போன்சா மாம்பழம் ஹோம் டெலிவரி' என்று தட்டுகிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எண்ணிக்கை குறைவாக இருக்கும். வாங்கும் எண்ணம் அதிகமாக இருக்கும். கீவேர்ட் என்பது எந்தத் தேடலுக்கு நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல். அதை மூன்று விதமாகக் கொடுக்கலாம். பிராட் மேட்ச் என்றால் தொடர்புடையதாக கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் வரும். ஃப்ரேஸ் மேட்ச் அதைவிடக் குறுகியது. எக்ஸாக்ட் மேட்ச் அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும். குறைந்த பணத்தோடு வருபவர் பிராட் மேட்ச் பக்கம் போகவே கூடாது. உங்கள் ஊர் பழத்துக்கு மட்டுமா பெயர் பெற்றது? மாங்கன்றுக்கும்தான். 'சந்தூர் மாங்கன்று விலை' என்று தேடுபவர் உங்கள் பழ விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் போவார்; காசு உங்களுடையது. இதைத் தடுப்பதுதான் நெகட்டிவ் கீவேர்ட். கன்று, நாற்றுப் பண்ணை, கூழ், ஊறுகாய், ஜூஸ், வரைபடம், வேலைவாய்ப்பு ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் முதல் நாளே அந்தப் பட்டியலில் போட்டுவிடுங்கள். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயைத் தேடுபவரையும் பெங்களூரில் பழம் தேடுபவரையும் கூகுள் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்ற பட்டியல் கணக்கில் கிடைக்கும். வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெங்களூர் என்று குறித்தால், பெங்களூரில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும் என்று நினைப்போம். கூகுளில் முதலிலிருந்தே அமைந்திருக்கும் தெரிவு அப்படி இல்லை. அந்த ஊரில் 'ஆர்வம் காட்டுபவர்களும்' அதில் சேர்ந்துவிடுவார்கள், அவர்கள் வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருந்தாலும். அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று நாம்தான் மாற்ற வேண்டும். அதேபோல் தினசரி பட்ஜெட் 300 ரூபாய் என்று வைத்தால் சில நாட்களில் 600 வரை போகலாம். மாதக் கணக்கில் 300ஐ 30.4 ஆல் பெருக்கிய தொகையைத் தாண்டாது. ஒரு நாள் அதிகம் போனதும் பதறி நிறுத்திவிட வேண்டாம். கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கொடுக்கும் 12,000 ரூபாயில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, வரி எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பிட் என்பது ஏலத்தில் நாம் சொல்லும் விலை. ஒவ்வொரு தேடலுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்த்திருப்பீர்கள். அங்கே அதிக விலை கேட்டவருக்குக் கூடு போகும். இங்கே விலையோடு தரமும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கிறது. தேடிய சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, மக்கள் தொடுவார்களா, இறங்கும் பக்கம் பயனுள்ளதா என்பவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றுக்கு 1 முதல் 10 வரை கொடுக்கும் மதிப்பெண்ணுக்குக் குவாலிட்டி ஸ்கோர் என்று பெயர். 1998இல் கோடூ என்ற அமெரிக்கத் தேடுதளம் கிளிக்குக்குக் காசு என்ற ஏலத்தைத் தொடங்கியபோது விலைதான் எல்லாம். 2000இல் விளம்பரத் தொழிலைத் தொடங்கிய கூகுள், 2002இல் கிளிக் ஏலத்துக்கு மாறியபோது தொடுபவர்களின் விகிதத்தையும் சேர்த்துக்கொண்டது. பெரிய நிறுவனம் 20 ரூபாய் கேட்கும் இடத்தில் ஒரு சிறு தோப்புக்காரர் 8 ரூபாய் கேட்டு மேலே வர முடியும் என்றால் இதுதான் காரணம். நல்ல லேண்டிங் பேஜ் ஆர்டரையும் கூட்டுகிறது, கிளிக் விலையையும் குறைக்கிறது. முன்னே அதைப் பற்றி அவ்வளவு எழுதியது இதற்காகத்தான்.

எஸ்இஓ என்பது காசு கொடுக்காத இயல்பான தேடல் முடிவுகளில் மேலே வருவதற்கான வேலை. பயனுள்ளது, மெதுவானது. 'முதல் இடம் உறுதி' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மூன்று மாதப் பருவத்துக்கு விற்கும் உங்களுக்கு முதல் ஆண்டில் இதற்காகப் பெரிய தொகை தேவையில்லை. கூகுள் மேப்பில் உங்கள் தோப்பின் பெயரைப் பதிவு செய்யுங்கள். அது இலவசம். அதற்குப் பணம் கட்டச் சொல்லி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். வாங்கியவர்களிடம் அங்கே ஒரு விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். 24 பேரில் 10 பேர் எழுதினாலும் அடுத்த ஆண்டு தேடுபவருக்கு அது பெரிய நம்பிக்கை.

கடைசியாக டொமைன், ஹோஸ்டிங். டொமைன் என்பது உங்கள் தளத்தின் பெயர், டாட் காம் அல்லது டாட் இன் என்று முடியும். அதை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கலாம், கட்டத் தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்களின் கோப்புகள் இருக்கும், எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் சர்வரில் இடம் பெறுவது. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், தட்டும் விவரங்கள் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பப்படுகின்றன. ஆர்டர் வாங்கும் தளத்துக்கு அது கட்டாயம். இந்தச் சொற்களைவிட இவையெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். டொமைன், கூகுள் விளம்பரக் கணக்கு, ஃபேஸ்புக் பக்கம், மேப் பதிவு, பிக்சல் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். விளம்பரக்காரருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள்; கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் அதற்கு முறையான வசதி இருக்கிறது, கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. இப்போது எல்லாம் அவர் கணக்கில் இருந்தால், யார் தொட்டார்கள், யார் வாங்கினார்கள் என்ற விவரம் அவரிடமே நின்றுவிடும். ஆளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பருவம் முடிந்த இந்த நேரத்திலேயே அவரிடம் இதைப் பேசி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சித்திரையில் காய் இறங்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, அவருக்கும் இருக்காது. கூடவே அந்த 24 பேரின் தொலைபேசி எண்களையும் வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால், அவர்கள் சம்மதித்திருந்தால், ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர்களில் திரும்ப வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் விளம்பரச் செலவு இல்லை. 250 ரூபாயும் முழுதாக உங்களிடமே நிற்கும்.